வீட்டு உபயோகத்துக்கு மட்டும்

சர்வீஸ் ஆள் வந்ததும் ஓவனைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார்.

எங்கள் சமையலறையில் மசாலா டப்பா அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு சின்னச் சட்டம் மாட்டியிருக்கிறது. உள்ளே உணவு விற்கிறவர்கள் எடுக்கவேண்டிய எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவுச் சான்றிதழ். பதினான்கு இலக்க எண், என் பெயர், வீட்டு முகவரி. தள்ளி நின்று ஒருமுறை படித்தார், கிட்டே போய் ஒருமுறை படித்தார். பிறகு மேடையில் அடுக்கியிருந்த கேக் போர்டுகளையும், வெள்ளை அட்டைப்பெட்டிகளையும், தராசையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "கேக் ஆர்டர் எடுக்கறீங்களா மேடம்?" என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "ஆமாங்க, மூணு வருஷமாச்சு. கிறிஸ்துமஸ் வருதில்லைங்களா, முப்பது ஆர்டர் நிக்குது. இன்னைக்கே சரி பண்ணிக் குடுத்துட்டுப் போயிருங்க" என்றேன்.

பையிலிருந்து ஸ்க்ரூடிரைவர் வெளியே வரும் என்று பார்த்தால், போன் வந்தது. சான்றிதழை ஒரு படம், பெட்டிகளை ஒரு படம், ஓவனின் முதுகில் ஒட்டியிருந்த சீரியல் நம்பரை ஒரு படம். "ஆபீஸ்ல இருந்து மெசேஜ் வருங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, கொடுத்த மோரைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். மொத்தம் எட்டு நிமிடம் இருந்திருப்பார். ஓவன் கதவை அவர் திறக்கவே இல்லை.

மறுநாள் மெசேஜ் வந்தது. வாரண்டிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. காரணம்: வணிகப் பயன்பாடு.

இது நடந்தது 2023 டிசம்பரில். அன்றைக்கே எழுதியிருந்தால் இந்தப் பதிவு வெறும் வசவாக இருந்திருக்கும். இப்போது வயிறு ஆறிவிட்டது. அதற்குள் கொஞ்சம் படித்தும் வைத்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

2020 ஊரடங்கில் வீட்டுக்கு வீடு கேக் போட்டார்கள். ஊரடங்கு முடிந்ததும் பெரும்பாலானவர்கள் கேக் டின்னைப் பரணில் ஏற்றிவிட்டார்கள். நான் ஏற்றவில்லை. வீட்டுக்காரருக்கு அப்போது பவுண்டரியில் பாதிச் சம்பளம்தான் வந்துகொண்டிருந்தது. பக்கத்து அபார்ட்மெண்டில் இரண்டு பிறந்தநாளுக்குச் செய்து கொடுத்தது நாலு ஆனது, நாலு நாற்பது ஆனது. கேட்பவர்களுக்கு பில்லில் பதிவு எண் போட்டுத் தரவேண்டும் என்று முறைப்படி பதிவும் எடுத்தேன். நான் எடுத்தபோது ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம், பன்னிரண்டு லட்சத்துக்குக் கீழே வியாபாரம் செய்கிறவர்களுக்கு. பன்னிரண்டு லட்சம்! அதை எட்டினால் நான் ஏன் இங்கே உட்கார்ந்து பிளாக் எழுதப்போகிறேன். அந்தச் சான்றிதழைக் கண்ணில் படும் இடத்தில் மாட்டிவைக்க வேண்டும் என்பது விதி. மாட்டினேன்.

அம்மா வீட்டிலிருந்து வந்த 25 லிட்டர் ஓவன் ஒரு கிலோ கேக்குக்கே மூச்சு வாங்கியது. 2022 ஆடித் தள்ளுபடியில் கோயமுத்தூர் கிராஸ்கட் ரோட்டுக்குப் போய், ஒரு ஷோரூமில் 60 லிட்டர் ஓடிஜி, அதாவது மேடைமேல் வைக்கும் கரண்ட் ஓவன், பார்த்தோம். மேலே இரண்டு எலிமெண்ட் (சூடேற்றும் குழாய்), கீழே இரண்டு, காற்றைச் சுழற்ற உள்ளே ஒரு ஃபேன், மொத்தம் 2000 வாட். விலை 14,490. பேரம் பேசிப் பார்த்தோம், ஒரு ஜோடி கையுறைதான் கிடைத்தது.

பில் போடும் இடத்தில்தான் அது நடந்தது. எப்போதுமே அங்கேதான் நடக்கும். சாமானைத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது, மனசுக்குள்ளே அதைச் சமையலறையில் வைத்தும் பார்த்தாகிவிட்டது, கார்டைப் பர்ஸிலிருந்து பாதி வெளியே எடுத்தாகிவிட்டது. அந்த நொடிக்காகக் காத்திருந்த மாதிரி சேல்ஸ் தம்பி கேட்டான்.

"அக்கா, ரெண்டு வருஷம் எக்ஸ்டெண்டட் வாரண்டி போட்டுரலாங்களா? ரெண்டாயிரத்து நூத்தித் தொண்ணூத்தி ஒம்பதுதாங்க. ஜிஎஸ்டியெல்லாம் அதுலயே வந்துருங்க."

"எதுக்கு தம்பி? கம்பெனியே ஒரு வருஷம் குடுக்கறாங்கல்ல."

"நீங்க கேக் ஆர்டர் எடுக்கறேன்னு சொன்னீங்களேங்க்கா. டெய்லி ஓடற மிஷினுங்க. எலிமெண்ட் ஒண்ணு போச்சுன்னாவே நாலாயிரம் அஞ்சாயிரம் ஆயிருங்க. ரிஸ்க் எடுக்காதீங்க்கா."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். நான்கு பேர் பின்னால் வரிசையில் நின்றார்கள். "சரி, போடு" என்றேன்.

அவன் சொன்ன காரணத்தைக் கவனித்தீர்களா? நான் கேக் விற்கிறேன் என்பதைச் சொல்லித்தான் அதை என் தலையில் கட்டினான். நான் கேக் விற்கிறேன் என்பதைச் சொல்லித்தான் பதினாறு மாதம் கழித்து அதே பேப்பரைச் செல்லாது என்றார்கள். பொய் சொன்னான் என்று நான் நினைக்கவில்லை. அவன் அந்தப் பேப்பரைப் படித்திருக்க மாட்டான். மாசத்துக்கு இத்தனை என்று மேலே யாரோ டார்கெட் கொடுத்திருப்பார்கள். படிக்காமல் விற்றவன் அவன், படிக்காமல் வாங்கினவள் நான்.

ஓவன் வீட்டுக்கு வந்தது. "ஆடியில புதுசு பிரிக்காதே கண்ணு, ஆவணி பொறக்கட்டும்" என்றார் அத்தை. மூன்று வாரம் பெட்டி ஹாலில் கிடந்தது, அதன் மேல் துணி மடித்து வைத்தோம். அந்த மூன்று வாரமும் கம்பெனி வாரண்டியில் கழிந்துகொண்டிருந்தது என்பது அப்போது மனதில் படவில்லை. இப்படிப் பெட்டியில் கிடக்கும் நாட்களையெல்லாம் கணக்கில் எடுக்காமல், பொருத்திய நாளிலிருந்து வாரண்டியை ஆரம்பியுங்கள் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வீட்டுச் சாதனக் கம்பெனிகளைக் கேட்டுக்கொண்டதாகப் பிற்பாடு செய்தித்தாளில் படித்தேன். எங்கள் அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். "நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்றார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை, ஆனாலும் தலையாட்டினேன்.

ஓவன் போன நாள் ஒரு சனிக்கிழமை. இரண்டு கிலோ சாக்லேட் ட்ரஃபிள், மாலை ஆறு மணிக்கு வந்து எடுத்துக்கொள்வார்கள். நாற்பத்தைந்து நிமிடம் கழித்துக் கதவைத் திறந்தால் கேக் சாய்ந்து நிற்கிறது. இடது பக்கம் அழகாக எழும்பி வெடித்திருக்கிறது. வலது பக்கம் அமுங்கி, நடுவில் குச்சியை விட்டால் மாவு ஒட்டிக்கொண்டு வருகிறது. முதலில் என் மேல்தான் சந்தேகம் வந்தது. பேக்கிங் பவுடர் சரியாகக் கலக்கவில்லையோ, டின் சரிவாக இருந்ததோ. அடுத்த டின்னையும் உள்ளே வைத்தேன். அதுவும் வலது பக்கம் அமுங்கியது. அப்புறம்தான் புத்தி வந்தது. சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, ஓவன் கண்ணாடிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். மேலே இரண்டு செங்கோடு. கீழே ஒன்றுதான். வலது கீழ் எலிமெண்ட் கறுப்பாகக் கிடந்தது.

அன்றைக்கு அந்தக் கேக்கை எப்படி ஒப்பேற்றினேன் என்பது தனிக்கதை. பழைய 25 லிட்டரில் நாலு தடவையாகப் போட்டு அடுக்கி, மேலே சாக்லேட் கனாஷ் ஊற்றி மூடினேன். பிறந்தநாள் பையனுக்கு ஒன்றும் தெரியாது. அவன் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும், கேட்கவில்லை.

திங்கட்கிழமை வாரண்டிக்காரர்களைக் கூப்பிட்டேன். கம்பெனியின் ஒரு வருஷம் முடிந்துபோயிருந்தது, நீட்டித்த இரண்டு வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் இன்னொரு சங்கதி தெரிந்தது: அந்த வாரண்டியை எனக்கு விற்றது ஷோரூம், ஆனால் கொடுப்பது ஷோரூமும் இல்லை, ஓவன் தயாரித்த கம்பெனியும் இல்லை. மூன்றாவதாக ஒரு கம்பெனி. அதன் பெயரை வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டேன். ஓவன் கம்பெனிக்கு போன் போட்டால் "உங்க வாரண்டி முடிஞ்சிருச்சு மேடம்", ஷோரூமுக்குப் போட்டால் "அது பிளான் கம்பெனிங்க மேடம்". மூன்றாவது கம்பெனிதான் அந்தச் சுவரைப் பார்த்த ஆளை அனுப்பியது.

மெசேஜ் வந்த அன்று இரவு, மெயிலுக்குள் புதைந்திருந்த அந்தப் பிளான் பேப்பரைத் தேடி எடுத்து முதல் தடவையாக முழுதாகப் படித்தேன். பதினொரு பக்கம். எதற்கெல்லாம் செல்லும் என்பது ஒரு பத்தி. எதற்கெல்லாம் செல்லாது என்பது மூன்று பக்கம்.

எலி, கரப்பான், எறும்பு புகுந்தால் செல்லாது. வோல்டேஜ் ஏறி இறங்கினால் செல்லாது. துரு செல்லாது. கண்ணாடி, பல்பு, தட்டு, கம்பி ரேக், குமிழ், வெளிப்பூச்சு செல்லாது. வெளி மெக்கானிக் திறந்திருந்தால் செல்லாது. ரிப்பேர் பண்ண முடியாவிட்டால் பொருளுக்குப் பதில் கூப்பன் தருவார்கள். அதுவும் வாங்கின விலைக்கு இல்லை, வருஷத்துக்கு இவ்வளவு என்று தேய்மானம் கழித்து. இப்படியே வந்து, பத்தொன்பதாவதாக ஒரு வரி: வீட்டு உபயோகம் அல்லாத, வணிக, வாடகை அல்லது லாபம் ஈட்டும் எந்தப் பயன்பாட்டுக்கும் செல்லாது.

படித்துக்கொண்டே எங்கள் சமையலறையை நினைத்துப் பார்த்தேன். எறும்பு வராத சமையலறை நம்மூரில் எங்கே இருக்கிறது? எதிர்வீட்டு அக்காவின் மைக்ரோவேவ் போனதே கரப்பானால்தான். வேலை செய்யும் சூட்டுக்கு இதமாக இருக்கிறதென்று பட்டனுக்குப் பின்னால் இருக்கும் போர்டில் குடும்பத்தோடு குடியேறிவிட்டது. சர்க்யூட்டில் ஷார்ட் ஆகி, ஒன்பதை அழுத்தினால் மூன்று வரும். அவருக்கும் அதே பதில்தான்: பூச்சி, செல்லாது. நம் வீடுகளில் இந்த இயந்திரங்கள் எதனால் சாகின்றனவோ, அதைத் துல்லியமாகப் பட்டியல் போட்டு விலக்கியிருக்கிறார்கள். போட்டவர் நம்மூர்ச் சமையலறையை நன்றாக அறிந்தவராகத்தான் இருக்கவேண்டும்.

சரி, வேலை நடக்கவேண்டுமே. காட்டூர்ப் பக்கம் மிக்ஸி, கிரைண்டர், ஹீட்டர் எல்லாம் பார்க்கும் ஒரு அண்ணன் இருக்கிறார். டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வந்து இறங்கினார். ஓவனைத் திருப்பிப் போட்டு, பின்தகட்டின் எட்டு ஸ்க்ரூவைக் கழற்றி, ஒரு கிண்ணத்தில் போட்டு என் கையில் கொடுத்தார். மீட்டரை எடுத்து ஒவ்வொரு எலிமெண்டின் இரண்டு முனையிலும் வைத்தார். முதல் மூன்றிலும் நூற்று நாலு, நூற்று ஐந்து என்று எண் வந்தது. நாலாவதில் எண்ணே வரவில்லை.

"பாத்தீங்களா. உள்ள கம்பி அத்துருச்சுங்க."

எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் ஆசை உண்டு என்று தெரிந்து, போன எலிமெண்டை ரம்பத்தால் அறுத்தே காட்டினார். வெளியே ஸ்டீல் குழாய். நடுவில் சுருள் சுருளாக நைக்ரோம் கம்பி. இரண்டுக்கும் இடையில் வெள்ளையாக, கோலமாவு மாதிரி, இறுக்கி அடைத்த மெக்னீசியம் ஆக்சைடு. கம்பியின் சூட்டை அது குழாய்க்குக் கடத்தும், கரண்டைக் கடத்தாது. அவ்வளவுதான் சங்கதி. நூறு வருஷத்துக்கு மேலாக இதே சரக்குதான், அயர்ன் பாக்ஸானாலும் வாட்டர் ஹீட்டரானாலும். இதற்குள் ரகசியம் எதுவும் இல்லை.

"ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் ஓட்டறீங்க?"

"மூணு மணி நேரம் ஓடும்ங்க. மாசத்துக்கு இருபத்தஞ்சு நாளாவது."

"அப்ப அது நல்லா ஒழைச்சுருக்குதுங்க" என்றார், செத்துப்போன மாட்டைப் பற்றிப் பேசுகிற மாதிரி. ஒற்றை முனையில் கருகியிருந்த வயர் லக்கையும் வெட்டிப் புதிதாகப் போட்டார். எலிமெண்ட் 450, கூலி 300. மொத்தம் 750 ரூபாய். ஒன்றரை மணி நேரம்.

எழுநூற்று ஐம்பது. இதற்காகத்தான் 2,199 கொடுத்து இரண்டு வருஷம் நிம்மதி வாங்கியிருந்தேன். கிளைம் கிடைத்திருந்தாலும் எனக்கு நட்டம்தான். மூன்று எலிமெண்ட் வரிசையாகப் போனால்தான் போட்ட காசு கைக்கு வரும். நாலாயிரம் அஞ்சாயிரம் என்று அந்தத் தம்பி சொன்ன கணக்கு எங்கிருந்து வந்ததோ. கடையில் சாமான் வாங்குமுன் அதன் ஸ்பேர் பார்ட் விலையை யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கவுண்டரில் நின்ற அந்த ஒரு நிமிடம் வேறு மாதிரி போயிருக்கும்.

அண்ணன் போனபிறகு நானும் ஒரு கணக்குப் போட்டேன். மாதம் 75 மணி நேரம், பதினாறு மாதம்: 1,200 மணி நேரம். பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை பீட்சா, எப்போதாவது ஒரு கேக் என்று இருக்கும் ஒரு வீட்டில் மாதம் நாலு மணி நேரம் ஓடினால் அதிகம். அந்தக் கணக்கில் என் ஓவன் இருபத்தைந்து வருஷம் உழைத்துவிட்டது. இந்த இடத்தில் நான் அந்தக் கம்பெனியின் பக்கமும் கொஞ்சம் நின்று பார்க்கிறேன். மாதம் நாலு மணி நேரம் ஓட்டுகிறவர் கட்டும் அதே 2,199க்கு என்னையும் சேர்த்துக்கொள் என்றால் எந்த வியாபாரியும் யோசிப்பான். விலக்கு வைத்ததில் அநியாயம் இல்லை. விலக்கில் இருப்பவளைத் தேடிப் பிடித்து விற்றார்களே, அதுதான் தொண்டையில் நிற்கிறது.

"பேசாம அந்தச் சான்றிதழைக் கழட்டி பெட்ரூம்ல மாட்டிரு" என்றார் வீட்டுக்காரர். அடுத்த தடவை சர்வீஸ் ஆள் வரும்போது என்று அர்த்தம். அரசாங்கம் கண்ணில் படும்படி மாட்டச் சொல்கிறது. வாரண்டிக்காரன் கண்ணில் பட்டால் காசு இல்லை. இரண்டு பேரின் சட்டத்துக்கும் நடுவில் என் சமையலறைச் சுவர்.

சரி, நான் யார்? வீட்டுக்காரியா, வியாபாரியா? இதைத் தெரிந்துகொள்ளத்தான் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் புரட்டினேன். 2019ஆம் ஆண்டுச் சட்டம், 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குகிறவர் நுகர்வோர் அல்ல என்று 2(7) பிரிவு சொல்கிறது. ஐயோ என்று நினைப்பதற்குள் அடியில் ஒரு விளக்கம்: சுயதொழில் செய்து தன் பிழைப்புக்கு மட்டுமே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது. பழைய 1986 சட்டத்திலும் இந்த விளக்கம் பிற்பாடு சேர்க்கப்பட்டிருந்தது.

அதற்கு உச்ச நீதிமன்றம் 1995இல் விரிவாகப் பொருள் சொன்ன வழக்கு, கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள், நம்ம கோயமுத்தூர் சம்பந்தப்பட்டது. லக்ஷ்மி இன்ஜினியரிங் வொர்க்ஸ் என்ற நிறுவனம், பிஎஸ்ஜி இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டில் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் ஒரு பெரிய சிஎன்சி இயந்திரம் வாங்கிய விவகாரம். வாங்கியவர் லட்சக்கணக்கில் போட்டுத் தொழிற்சாலை நடத்துகிறவர், அதனால் நுகர்வோர் இல்லை என்று முடிந்தது. ஆனால் போகிற போக்கில் நீதிபதிகள் உதாரணம் சொன்னார்கள். ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைக்கிறவர் நுகர்வோர்தான். கடைசல் இயந்திரம், அதாவது லேத், வாங்கித் தானே இயக்கிப் பிழைக்கிறவரும் அப்படித்தான். பீளமேட்டிலும் கணபதியிலும் வீட்டு முன்னறையில் ஒரு லேத்தைப் போட்டுக்கொண்டு எத்தனை குடும்பங்கள் பிழைக்கின்றன! எங்கள் மாமனாரே அப்படித்தான் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தார். அவருடைய லேத்தும் என் ஓவனும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான் என்று படித்தபோது மனசுக்குள் ஏதோ செய்தது. அத்தையைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அதுல பிசுறு வரும், இதுல கேக்கு வருது" என்றார்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நான் நுகர்வோர் என்றால் நுகர்வோர் ஆணையத்தின் கதவு எனக்குத் திறக்கும், அவ்வளவுதான். பிளான் பேப்பரில் இருக்கும் பத்தொன்பதாவது வரி அதனாலேயே அழிந்துவிடாது. இருந்தாலும் கதவு திறந்திருக்கிறது என்பதே பெரிய தெம்பு. ஐந்து லட்சத்துக்குட்பட்ட பொருளுக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது. நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், கம்பெனியின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும் சரி. இரண்டு வருஷத்துக்குள் போடவேண்டும்.

நான் அவ்வளவு தூரம் போகவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு போன் செய்தேன். தமிழிலேயே பேசினார்கள். ரிப்பேர்க் காசு வேண்டாம், எனக்குச் செல்லாத பேப்பரை எனக்கு விற்ற காசைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள் என்று கேட்டேன். பில்லில் என் பெயருக்குப் பக்கத்தில் சேல்ஸ் தம்பியே கடைக்குச் சௌகரியமாக இருக்கட்டும் என்று 'ஹோம் பேக்கர்' என்று டைப் அடித்து வைத்திருந்தான், அதைப் படம் பிடித்து அனுப்பினேன். அதுதான் எனக்குக் கைகொடுத்தது என்று நினைக்கிறேன். ஆறு வாரம் இழுத்து, 2,199 அக்கவுண்டுக்கு வந்தது. விளக்கம் ஒன்றும் வரவில்லை, காசு மட்டும் வந்தது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருக்கும் சித்தி மகள் சிரித்தாள். அங்கே கவுண்டரில் நடக்கும் இந்தக் கூத்தைப் பல வருஷத்துக்கு முன்பே விசாரித்து, 2005இல் தனியாக ஒரு ஆணையே போட்டிருக்கிறார்களாம். வாரண்டியின் விலையைச் சாமான் விலைக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்கவேண்டும், கார்டை எடுத்தபிறகு சொல்லக்கூடாது. யோசித்துவிட்டு வருகிறேன் என்று வீட்டுக்குப் போனால், அதே விலைக்கு முப்பது நாள் வரை கொடுக்கவேண்டும். வாங்கியபிறகு மனசு மாறினால் நாற்பத்தைந்து நாளுக்குள் முழுக்காசும் திரும்ப வரும். அந்த நாற்பத்தைந்து நாள் எனக்கு இருந்திருந்தால், ஆடி போய் ஆவணி வந்து பெட்டியைப் பிரிக்கும்போதாவது பேப்பரைப் படித்திருப்பேனோ என்னவோ.

நம்மூரில் கடை கவுண்டருக்கு இப்படி ஒன்று வந்ததாகக் கண்ணில் படவில்லை. ஆன்லைனுக்கு உண்டு. என் ஓவன் போவதற்குச் சில நாள் முன்னால், 2023 நவம்பர் 30இல், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பதின்மூன்று வகை ஏமாற்று வித்தைகளைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. நாம் கேட்காததைக் கூடைக்குள் நைசாகச் சேர்த்துவிடுவது அதில் ஒன்று. 'வேண்டாம்' என்று சொல்கிறவரைக் குற்ற உணர்ச்சியில் நெளிய வைப்பது இன்னொன்று. இரண்டாவதைப் படித்தபோது "ரிஸ்க் எடுக்காதீங்க்கா" காதில் கேட்டது.

எக்ஸ்டெண்டட் வாரண்டியே தண்டம் என்று நான் சொல்லவரவில்லை. திருப்பூரில் இருக்கும் நாத்தனார் வீட்டில் ஒரு கன்வெக்ஷன் மைக்ரோவேவ், முகம் முழுக்கத் தொட்டால் வேலை செய்யும் கண்ணாடி. மூன்றாவது வருஷம் அதன் கன்ட்ரோல் போர்டு போனது. போர்டு மட்டும் ஆறாயிரத்துச் சொச்சம். இவர்கள் 1,800 கட்டியிருந்தார்கள், ஒரு கேள்வியும் இல்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள். அவர் வீட்டில் அது பால் சுடவைக்கவும் அப்பளம் பொரிக்கவும்தான். வீட்டு உபயோகம் என்றால் அதுதான் வீட்டு உபயோகம்.

மைக்ரோவேவ் வேறு ஜாதி. அதற்குள் இரண்டாயிரம் வோல்ட்டுக்கு ஏற்றும் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, மைக்ரோவேவ் அலையை உண்டாக்கும் மேக்னட்ரான் இருக்கிறது, பிளக்கைப் பிடுங்கியபிறகும் கரண்டைத் தேக்கி வைத்திருக்கும் கெபாசிட்டர் இருக்கிறது. தெரியாதவர் திறந்தால் உயிர் போய்விடும். மேக்னட்ரானுக்குப் பல கம்பெனிகள் தாமாகவே கூடுதல் வருஷம் கொடுக்கின்றன, அதற்குத் தனியாகக் காசு கொடுக்கவேண்டியதில்லை. சாகும் சாமான் போர்டு, அதன் விலைதான் முழி பிதுங்க வைக்கும். அதற்கு வாரண்டி போடுகிறவரை நான் தடுக்கமாட்டேன், கரப்பான் மருந்தையும் கூடவே வாங்கச் சொல்வேன். ஆனால் குமிழைத் திருகி, டிக்டிக் என்று ஓடும் டைமரோடு நாலு எலிமெண்டும் ஒரு தெர்மோஸ்டாட்டும் இருக்கும் ஓடிஜிக்கு? அந்தக் காசை ஒரு நல்ல 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் போடச் செலவழிக்கலாம். 2000 வாட் என்றால் கிட்டத்தட்ட ஒன்பது ஆம்பியர் இழுக்கும். மிக்ஸி பிளக்கில் எக்ஸ்டென்ஷன் போட்டு ஓட்டினால் ஓவனுக்கு முன்னால் வீட்டு வயர் போய்விடும். எங்கள் தெருவில் இரண்டு பேர் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள், சண்டை போட்டு நிறுத்தினேன்.

போன ஆடியில் இரண்டாவது ஓவன் வாங்கினேன். ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று. இதுதான் என் வாரண்டி என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன், அவர் விலையைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. வேறு கடை, வேறு தம்பி, அதே கவுண்டர். இந்தத் தடவை கார்டை எடுப்பதற்கு முன்பே அந்த மாடலுக்கு எலிமெண்ட் என்ன விலை, ஊரில் கிடைக்குமா என்று கேட்டேன். தம்பிக்குத் தெரியவில்லை. காட்டூர் அண்ணனுக்கு போன் போட்டு மாடல் நம்பரைச் சொன்னேன். "கெடைக்கும்ங்க, நானூறு நானூத்தம்பது" என்றார். பில் மிஷினுக்குப் பக்கத்தில் வந்ததும் தம்பி ஆரம்பித்தான்.

"மேடம், ரெண்டு வருஷம் எக்ஸ்டெண்டட்..."

"போடலாம் தம்பி. நான் கேக் செஞ்சு விக்கறேன். டெய்லி மூணு மணி நேரம் ஓடும். இதுக்கு உங்க பிளான் செல்லும்னு பில்லு பின்னாடி ஒரு வரி எழுதி, கடை சீல் வெச்சுக் குடுத்துருங்க."

தம்பி மேனேஜரைக் கூப்பிடப் போனான். மேனேஜர் வந்தார், பிளான் பேப்பரை வாங்கி ஒரு பக்கம் படித்தார், இன்னொரு பக்கம் படித்தார். முதல் தடவையாகப் படிக்கிறார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பின்னால் வரிசையில் நின்ற அம்மா, "என்னங்க பிரச்சனை?" என்று கேட்டார். அவர் கையிலும் ஒரு மைக்ரோவேவ் பில் இருந்தது. "உங்க வீட்டுல கரப்பான் இருக்குங்களா?" என்று கேட்டேன்.